சப்பாத்தைக் கழற்றிவிட்டு வரவும்

வால்தம்ஸ்டோ,
செவ்வாய்க்கிழமை.

துஷ்யாவின் அப்பாவுக்கு,

நீங்கள் நலமாக இருப்பீர்கள். யாழ்ப்பாணத்தில் உங்கள் அக்காவின் கைச்சாப்பாடும் மத்தியான நித்திரையும் இருக்கும்போது உங்களுக்கு என்ன குறை? இங்கே லண்டனில் நாங்களும் நலம். உங்கள் பிறஷர்க் குளிசைப் பெட்டி ஒன்று சாப்பாட்டு மேசையிலேயே கிடக்கிறது. மறக்காமல் அங்கே வாங்கிப் போடுங்கள். மாமியின் ஆட்டைத் திவசத்துக்கு ஐயரைப் பிடித்தாயிற்றா? துஷ்யாவுக்கு லீவு கிடைக்கவில்லை. வேலைக்காக இருக்கிற பார்க்கிங் நகரிலிருந்து சனிக்கிழமை வந்து, அப்பம்மாவின் திவசத்துக்குப் போகமுடியவில்லையே என்று அழுதுவிட்டுப் போனாள்.

ஏன் இவள் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பீர்கள். போனில் நான் வாயைத் திறந்தால், கோயில் மணி கேட்குது, பிறகு எடுக்கிறன் என்று வைத்துவிடுகிறீர்கள். வொயிஸ் மெசேஜ் போட்டால் பாதியைக் கேட்டுவிட்டுப் பெருவிரல் ஒன்றை அனுப்புகிறீர்கள். உங்களுடைய பெருவிரலை வைத்து நான் என்ன செய்ய? அதுதான் கையால் எழுதுகிறேன். துஷ்யா வேலை முடிந்து வந்து படம் எடுத்து உங்கள் போனுக்கு அனுப்புவாள். இதை நீங்கள் இடையில் மறிக்க ஏலாது.

விஷயம் அந்தப் பின் படலைதான். நீங்கள் கோயில் பரிபாலன சபைக்குத் தலைவர். ஆனாலும் உங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று வைத்துக்கொண்டு முதலிலிருந்து சொல்கிறேன். நீங்கள் அனுப்பிய பதிலைக் கேட்டால் அப்படித்தான் இருக்கிறது.

நான் வேலை செய்கிற நேர்சரி யூத மக்களின் கோயில் வளவுக்குள் இருக்கிறது. சினகோக் என்று சொல்வார்கள், அதுவாவது தெரிந்திருக்கும். அவர்களுடைய பின்மதிலும் எங்கள் அம்மன் கோயிலின் பின்மதிலும் ஒரே மதில். முந்தி இரண்டு வளவும் ஒரே பள்ளிக்கூடமாக இருந்தபடியால் நடுவில் ஒரு இரும்புப் படலை இருக்கிறது. எங்கள் பக்கத்தில் ஒரு ஆமைப்பூட்டு. நாங்கள் அந்த இடத்தை வாங்கிய நாளிலிருந்து அது பூட்டியபடிதான்.

இப்போது இந்த நாட்டில் எந்தச் சினகோக்கும் நிம்மதியாக இல்லை. செய்தி நீங்களும் பார்க்கிறீர்கள். முன்பக்க வேலியை உயர்த்தினார்கள். கமெரா பூட்டினார்கள். வாசலில் காவலுக்கு எங்கள் மன்னார்க்கார எட்வேட் நிற்கிறார். பிள்ளைகளைக் கூட்டிவருகிற தாய்மாரின் பையைப் பார்க்கிறார்கள், அதற்கு அவர்கள் நன்றி சொல்லிவிட்டுப் போகிறார்கள். இந்தப் பாதுகாப்பு வேலைக்கெல்லாம் திட்டம் போடுகிறவர் நேதன் என்ற மனிதர். புவியியல் படிப்பித்து ஓய்வுபெற்றவர். சம்பளம் இல்லை, சும்மாதான் செய்கிறார். அவர் எல்லாவற்றையும் அளந்து பார்த்துவிட்டுச் சொன்னது ஒரேயொரு விஷயம். முன்வாசலில் ஆபத்து வந்தால் பிள்ளைகளைக் கொண்டுபோக வேறு வழி இல்லை. இருக்கிற வழி உங்கள் படலை மட்டும்தான்.

அதைத் திறந்துதரக் கேட்டு அவர் ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபைக் கூட்டத்துக்கு வந்தார். கையில் ஒரு பிஸ்கற் பெட்டி. அதில் முட்டை சேரவில்லை என்று கடையில் கேட்டு உறுதிப்படுத்தி வாங்கியிருக்கிறார். நான் கூட்டத்தில் ஏன் இருந்தேன் என்று கேட்பீர்கள். தேத்தண்ணி ஊற்ற. உங்கள் சபைக்குப் பொம்பிளைகள் வேறு எதற்குத் தேவை?

உங்கள் செயலாளர் கோபாலகிருஷ்ணன் மடிக்கணினியைத் திறந்து சுவரில் படம் காட்டினார். சிவப்புப் பெட்டி, மஞ்சள் பெட்டி, பச்சைப் பெட்டி. வங்கியில் கம்பியூட்டர் வேலை செய்கிற மனிதர், ஒரு படலையைத் திறக்கவும் அவருக்குப் பெட்டி வேண்டும். சிவப்புப் பெட்டியைக் காட்டி, நாம நியூட்ரலா இருந்துக்கணும் சார், இது இன்டர்நேஷனல் பாலிடிக்ஸ் என்றார். மூன்று வயதுப் பிள்ளை எந்த நாட்டுக்குப் பாதுகாப்பு அமைச்சர் என்று கேட்க வாய் உன்னியது. அந்தத் தூரத்துப் போரில் செத்த பிள்ளைகளைத் தொலைக்காட்சியில் பார்த்து நான் அழுதது உங்களுக்குத் தெரியும். அந்தப் பிள்ளைகளுக்காக அழுத கண்தானே இந்தப் பிள்ளைகளையும் பார்க்கிறது. இவர்கள் என்ன செய்தார்கள்?

பிறகு உங்கள் சபை மகா பெரிய மனது பண்ணி ஒரு தீர்வு சொன்னது. ஆபத்தெண்டால் எங்களுக்கு ஒரு போன் அடிக்கட்டும், நாங்கள் வந்து திறந்துவிடுறம். இதைச் சொன்னவர் இருப்பது துஷ்யா இருக்கிற பார்க்கிங்கில், வந்துசேரவே அரைமணித்தியாலம். நேதன் மிகவும் மரியாதையாக விளங்கப்படுத்தினார். சனிக்கிழமைதான் தங்களுக்குக் கூட்டம் கூடும் நாள், அது தங்கள் மதத்தின் ஓய்வுநாள், போனைத் தொடக்கூடாது என்று தங்கள் ஆட்கள் அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவார்கள், உயிருக்கு ஆபத்தென்றால் தொட அனுமதி உண்டு, ஆனால் பையில் இல்லாத போனைத் தொடுவது எப்படி என்றார். காவலுக்கு நிற்பவரிடம் ஒன்று இருக்கும், அவர் முதலில் பொலிசைக் கூப்பிடுவாரா உங்களைக் கூப்பிடுவாரா என்றும் கேட்டார். உங்கள் சபையார் பிஸ்கற்றைச் சாப்பிட்டார்கள்.

அப்போதுதான் உங்கள் வொயிஸ் மெசேஜை எல்லாருக்கும் கேட்கப் போட்டார்கள். அவையின்ர பிரச்சினையை நாங்கள் ஏன் தலையில தூக்கிப் போடுவான், பூட்டு பூட்டாவே கிடக்கட்டும். உங்கள் குரல் நல்ல கணீரென்று இருந்தது. தமிழ் தெரியாத நேதன், ஊரிலிருந்து தலைவர் ஏதோ வாழ்த்துச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். என்ன சொல்கிறார் என்று என்னிடம் கேட்டார். தலைவர் யோசிக்கிறார் என்று சொன்னேன். என் வாழ்க்கையில் உங்களுக்காக எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன், இப்படி வெட்கப்பட்டு ஒன்றும் சொன்னதில்லை.

ஆகையால் தலைவரே, யோசியுங்கள். கொஞ்சமாவது.

வீட்டில் பொயிலர் மறுபடியும் சத்தம் போடுகிறது. உங்களைப் போலத்தான், சத்தம் மட்டும், சூடு இல்லை.

ருக்குமணி.

*

வால்தம்ஸ்டோ,
வியாழக்கிழமை.

துஷ்யாவின் அப்பாவுக்கு,

உங்கள் பதில் கிடைத்தது. இரண்டு வார்த்தை. வேலையை விடு. அடேயப்பா, எவ்வளவு பெரிய பாதுகாப்புத் திட்டம்! நேதன் பாவம், இத்தனை நாள் அளவுநாடாவோடு அலைந்தார். உங்களிடம் கேட்டிருந்தால் எல்லாப் பிள்ளைகளையும் நேர்சரியை விடச் சொல்லியிருப்பீர்கள், ஆபத்து முடிந்திருக்கும்.

நான் விடமாட்டேன். அந்தப் பிள்ளைகளில் பாதிப்பேருக்கு நடக்கப் பழக்கியது நான். உறைப்பில்லாத சாப்பாட்டை ஊட்டியது நான். ஒரு குட்டி இருக்கிறாள், என்னை ருக்கு என்று கூப்பிடுவாள், அவளுடைய அம்மாவையும் ருக்கு என்றுதான் கூப்பிடுகிறாள். நான் இல்லாவிட்டாலும் அவள் அங்கேதான் இருப்பாள், ஆபத்தும் அங்கேதான் இருக்கும். இதை உங்கள் மூளைக்குள் எப்படி ஏற்றுவது என்று எனக்குத் தெரியவில்லை.

உங்களுக்கு ஒரு புதினம். நீங்கள் வேண்டாம் என்றதை உங்கள் சபை சம்மதம் என்று மாற்றிவிட்டது. மனம் இரங்கி என்று நினைக்காதீர்கள். இரண்டு மதத்தவர் கைகோத்து நிற்பதைக் கவுன்சில்காரர் வந்து படம் எடுப்பார்கள் என்று கோபாலகிருஷ்ணனுக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை இரவுக் கூட்டத்தில் சிவப்புப் பெட்டி பச்சையாகிவிட்டது. நல்ல மனிதர், நிறம் மாற்றுவதில் அவரை அடிக்க ஆளில்லை.

ஆனால் சும்மா சம்மதிப்பார்களா? நிபந்தனை வைத்தார்கள். படலைக்கு அந்தப் பக்கம் எங்கள் வெளிவீதி, சாமி சுற்றிவருகிற இடம். ஆகவே ஓடிவருகிறவர்கள் சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் வரவேண்டும். மீன் இறைச்சி போட்ட மச்சச் சாப்பாட்டுப் பெட்டி ஒன்றும் உள்ளே வரக்கூடாது. மாதத் துடக்கான பொம்பிளைகள் படலைக்கு வெளியே நிற்கவேண்டும். இதைச் சொன்னவர்கள் படித்த மனிதர்கள், ஒருவர் டொக்டர். துடக்கான ஆசிரியை எங்கே நிற்பது என்று நான் கேட்டேன். ஒதுக்குப்புறமா நிக்கலாம்தானே என்றார் அந்த டொக்டர். இரும்புக் கம்பியோடு வருகிறவன் ஒதுக்குப்புறத்துக்கு வரமாட்டான் என்று அவருக்கு மருத்துவக் கல்லூரியில் படிப்பித்திருக்கிறார்கள் போல.

நான் சிரித்தேன். கோபத்தில் சிரிப்புத்தான் வந்தது. அடுத்த நாள் காலையில் வேலைக்குப் போனபோது சிரிப்பு நின்றுவிட்டது. படலையில், நேர்சரிப் பக்கம் பார்க்க, ஒரு பலகை கட்டியிருந்தது. தமிழிலும் ஆங்கிலத்திலும் பெரிய எழுத்து. சப்பாத்தைக் கழற்றிவிட்டு வரவும். மழையில் நனையாமல் பிளாஸ்ரிக் உறையும் போட்டிருந்தார்கள். அந்த மக்களின் பாதுகாப்புக்காக எங்கள் கோயில் செய்த ஒரே வேலை அதுதான்.

நேற்று ஒத்திகை வைத்தோம். பூட்டை அன்றைக்குத் திறக்கத் தேவையில்லை, அது பிரதோஷம், உண்மையாக நடந்தால் திறந்துவிடலாம் என்று சபை சொல்லிவிட்டது. சரி, படலைவரைக்குமாவது போவோம் என்றார் எங்கள் தலைமை ஆசிரியை றேச்சல். கைக்குழந்தைகளைச் சில்லு வைத்த தொட்டிலில் போட்டுத் தள்ளினோம். நடக்கிறவர்கள் ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு வரிசையாக வந்தார்கள். அவர்களுக்கு அது விளையாட்டு, வாத்துப் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார்கள்.

படலையடிக்கு வந்ததும் றேச்சல் என்ன செய்தார் தெரியுமா? பலகையை வாசித்துவிட்டு, குந்தியிருந்து, முதல் பிள்ளையின் சப்பாத்தைக் கழற்றத் தொடங்கினார். நான் வேண்டாம் என்றேன். ஒத்திகை என்றால் உள்ளபடியே செய்யவேண்டும் ருக்கு, நாங்கள் போகப்போவது இன்னொருவர் வீட்டுக்கு, அவர்கள் கேட்பதை மதிக்கவேண்டும் என்றார். முகத்தில் ஒரு கேலி இல்லை. கேலி இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

குளிர்காலச் சப்பாத்து எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும், துஷ்யாவுக்கு ஒருநாளும் நீங்கள் மாட்டிவிடவில்லை என்றாலும். ஒட்டுப்பட்டி, கொளுக்கி, உள்ளே இன்னொரு காலுறை. ஒன்றைக் கழற்றினால் மற்றப் பிள்ளை ஓடுகிறது. ஈரத் தரையில் கால் பட்டதும் ஒருத்தி கத்தத் தொடங்கினாள், அவளைப் பார்த்து எல்லாரும் கத்தினார்கள். நேதன் பக்கத்தில் நின்று மணிக்கூட்டைப் பார்த்தார். கடைசிச் சப்பாத்தைக் கழற்றியபோது அவர் மணிக்கூட்டைப் பார்ப்பதை நிறுத்தி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மதிலுக்கு அந்தப் பக்கத்தில் அன்னதானத்துக்குச் சமைக்கிற மங்கைக்கு அழுகைச் சத்தம் கேட்டிருக்கிறது. பின்னேரம் என்னிடம் போன் எடுத்து, என்ன ருக்கு அக்கா, பிள்ளையள இப்பிடிக் கதறக் கதற என்ன செய்தனீங்கள் என்று கேட்டாள். எங்கட அம்மனுக்காகச் சப்பாத்துக் கழற்றினனாங்கள் என்றேன். அம்மன் எப்ப கேட்டவ என்றாள்.

ஒரு விஷயம் தெரியவேண்டும். அந்த ஆமைப்பூட்டின் திறப்பு ஐயரிடம்தானே இருக்கிறது? கோபாலகிருஷ்ணன் அப்படித்தான் சொல்கிறார். ஐயரைக் கேட்டால் ஓம் ஓம் என்கிறார், அந்த மனிதர் எதற்கும் ஓம் என்பார். நீங்கள் சரியாகச் சொல்லுங்கள். பெருவிரல் அனுப்பவேண்டாம்.

ருக்குமணி.

*

வால்தம்ஸ்டோ,
சனிக்கிழமை.

துஷ்யாவின் அப்பாவுக்கு,

பெருவிரல் அனுப்பியிருந்தீர்கள். நன்றி.

நேற்றுக் காலை நடந்ததைத் துஷ்யா உங்களுக்குச் சொல்லியிருப்பாள். எல்லாவற்றையும் சொல்லவேண்டாம், மிச்சத்தை நான் எழுதுகிறேன் என்று அவளிடம் நான்தான் சொன்னேன். முதலில் ஒன்று: ஒரு பிள்ளைக்கும் ஒன்றும் இல்லை. எனக்கும் ஒன்றும் இல்லை. எட்வேட்டுக்குக் கையில் தையல் போட்டிருக்கிறது.

பிள்ளைகள் பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரம். ஒருவன் காரைக் கொண்டுவந்து முன் படலையோடு இடித்து நிறுத்திவிட்டு, கம்பி ஒன்றோடு இறங்கினான். என்ன கத்தினான் என்று நான் எழுதமாட்டேன், அந்தச் சொற்கள் மாமியின் வீட்டுக்குள் வரத் தேவையில்லை. எட்வேட் உள்கதவைப் பூட்டிவிட்டு, தான் வெளியே நின்றுகொண்டார். எச்சரிக்கை மணி அடித்தது. நாங்கள் தொட்டிலையும் கயிற்றையும் எடுத்துக்கொண்டு பின்னுக்கு ஓடினோம். இந்த முறை றேச்சல் பலகையைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

நான் படலையில் கையால் அடித்தேன். ஆர் என்று மங்கை கேட்டாள். ருக்கு, திற என்றேன். என் குரலைக் கேட்டதும் அவள் வேறொன்றும் கேட்கவில்லை, ஐயரிடம் ஓடினாள். ஐயர் திறப்பு என்னட்டை இல்லை, தலைவர்தான் வச்சிருக்கிறார் என்றாராம். நேற்று வெள்ளிக்கிழமை என்று புதுக் காருக்குப் பூசை செய்யக் கோபாலகிருஷ்ணன் பட்டு வேட்டியோடு வந்து நின்றிருக்கிறார், சில்லுக்குக் கீழே எலுமிச்சம்பழமும் வைத்தாயிற்று. அவர் போனை எடுத்து, ஒரு நிமிஷம், தலைவர்கிட்ட கன்ஃபார்ம் பண்ணிடறேன் என்றார். இது எனக்கே மதிலால் கேட்டது. உங்களுக்கு அடித்தார். உங்கள் போன் அணைத்திருந்தது. அங்கே மத்தியானச் சாப்பாடு முடிந்து நீங்கள் படுக்கிற நேரம்.

முன்பக்கத்தில் இரும்பில் இரும்பு அடிக்கிற சத்தம். இங்கே பூட்டு. நடுவில் பிள்ளைகள்.

பிறகு மதிலுக்கு மேலே மங்கையின் தலை தெரிந்தது. சோறு வடிக்கிற பெரிய கிடாரத்தைக் கவிழ்த்து வைத்து அதன்மேல் ஏறி நிற்கிறாள். சேலையைத் தூக்கிச் செருகியிருக்கிறாள். தாங்கோ என்று இரண்டு கையையும் நீட்டினாள். கைக்குழந்தைகளை முதலில் கொடுத்தோம். நான் தூக்க, அவள் வாங்கி, கீழே நிற்கிற கோபாலகிருஷ்ணனிடம் கொடுக்க. முதல் நடக்கிற பிள்ளையின் சேற்றுச் சப்பாத்து மதிலுக்கு மேலால் வந்தபோது அந்த மனிதர், மேடம், ஷூஸ் என்று தொடங்கினார். வாயைப் பொத்திக்கொண்டு பிள்ளையைப் பிடியும், இல்லையெண்டால் இந்த அகப்பையால வாங்குவீர் என்றாள் மங்கை. பிடித்தார். சொல்லத்தான் வேண்டும், கடைசிப் பிள்ளைவரை நின்று பிடித்தார். அந்தப் பட்டு வேட்டியில் ஒரு குழந்தை சத்தி எடுத்ததாம். அதைக் கேட்டபோது மட்டும் எனக்கு அம்மன் இருக்கிறா என்று ஒரு நம்பிக்கை வந்தது.

பிள்ளைகள் எல்லாரும் போய்விட்டார்கள். இளம் ஆசிரியைகள் ஏறிப் பாய்ந்துவிட்டார்கள். எனக்கு முழங்கால் ஏலாது என்று உங்களுக்குத் தெரியும். மங்கை இழுத்துப் பார்த்தாள், நான் அசையவில்லை. றேச்சல் ஏறியிருக்கலாம். ஏறவில்லை. போங்கள் என்று நான் எவ்வளவோ சொன்னேன். எனக்குப் பக்கத்தில் வந்து, படலையில் முதுகைச் சாய்த்து நின்றார். இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு நின்றோம். எனக்குப் பயம் வந்தது. அந்த ஆமைப்பூட்டு என் முதுகுக்குப் பின்னால் இருந்தது, நான் அசைய அசையக் கிணுங்கியது. இதன் திறப்பு எங்கே இருக்கும் என்று எங்கள் வீட்டு அலுமாரி, மேசை லாச்சி எல்லாவற்றையும் மனதுக்குள் தேடினேன். பிறகு தெரிந்துவிட்டது. உங்கள் திறப்புக் கோர்வை. இடுப்பில் தொங்கப் போட்டுக்கொண்டு திரிவீர்களே, ஒருவரிடமும் ஒன்றையும் நம்பிக் கொடுக்காத தலைவரின் கோர்வை. விமான நிலையத்தில் அது சத்தம் போட்டு, கழற்றி, மறுபடி மாட்டிக்கொண்டு போனீர்கள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மனைவி படலைக்கு இந்தப் பக்கம். திறப்பு யாழ்ப்பாணத்தில் கட்டிலில் படுத்திருக்கிறது.

பொலிஸ் வந்தது, அவனைப் பிடித்துக்கொண்டு போனது. நாங்கள் முன்வாசலால் சுற்றிப்போய்க் கோயிலுக்குள் நுழைந்தபோது, பிள்ளைகள் அம்மன் சந்நிதிக்கு முன்னால் அன்னதானப் பாயில் சப்பாத்தோடு இருந்தார்கள். வாத்துப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். மங்கை தாளத்துக்குக் கிடாரத்தில் தட்டிக்கொண்டிருந்தாள். அம்மன் இருந்த இடத்திலேயே இருந்தா. எழும்பிப் போகவில்லை.

பின்னேரமே உங்கள் சபை அவசரக் கூட்டம் போட்டது. எட்வேட்டைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு யார் போவது என்று பேசவா? இல்லை. சப்பாத்துக்கால் பட்டதற்குக் கோயிலில் சாந்தி செய்யவேண்டுமா என்று பேச. அதைத் தலைவர் வந்துதான் முடிவு செய்யவேண்டுமாம். அந்தப் பலகையைக் கழற்றவும் தலைவர் வேண்டும். பூட்டை வெட்டவும் தலைவர் வேண்டும். நேதன் ஒரு வெட்டுக்கருவியைக் கொண்டுவந்துவிட்டு, எங்கள் அனுமதி கேட்டு வெளியே நின்றார். அவருக்கு முன்னால் தலைகுனியாமல் நிற்க எனக்கு ஏலவில்லை. கொஞ்சம் பொறுங்கள், என் கணவரிடம் நான் ஒருதரம் கேட்டுப்பார்க்கிறேன் என்றேன்.

அதனால் கேட்கிறேன்.

நாங்கள் எப்படிச் சந்தித்தோம் என்று கலியாண வீடுகளில் நீங்கள் பகிடியாகச் சொல்வீர்கள். பங்கருக்குள்ள பொம்பிளை பார்த்தனான் என்று. சனம் சிரிக்கும். நானும் சிரிப்பேன். ஆனால் அன்றைக்கு என்ன நடந்தது என்று இப்போது நான் சொல்கிறேன். நான் ரியூசன் முடிந்து சைக்கிளில் வந்துகொண்டிருந்தேன். குண்டு போடுகிற பொம்மர் பதிந்து பறந்துகொண்டு வந்தது. எந்தப் படலையைத் தட்டுவது என்று தெரியாமல் நடுவீதியில் நின்றேன். உங்கள் வீட்டுப் படலை திறந்தே கிடந்தது. மாமி ஓடிவந்து என் பின்னலில் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் வளவில் கிடங்கு வெட்டிய பங்கருக்குள் தள்ளினா. உள்ளே இடமில்லை. நீங்களும் உங்கள் அக்காவும் அயல்சனமும் நெருங்கி இருந்தீர்கள். ஒரு மூலையில் சாமிப் படம் வைத்து விளக்குக் கொளுத்தியிருந்தது. மாமி அந்தப் படத்தைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, சாமி இருந்த இடத்தில் என்னை இருத்தினா. என் காலில் சேற்றுச் செருப்பு. மாமி அதைப் பார்த்தா. ஒன்றும் சொல்லவில்லை. நீ ஆரின்ர பிள்ளை, எந்த ஊர் என்று பொம்மர் போன பிறகுதான் கேட்டா.

அந்தப் பெண்ணுக்குப் பிறந்த மகன் நீங்கள். அதை நம்ப எனக்கு நேற்றுக் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது.

வருகிற புதன்கிழமை மாமிக்கு ஆட்டைத் திவசம். சோறு, கத்தரிக்காய்ப் பாற்கறி, பயித்தங்காய் எல்லாம் படைப்பீர்கள். மாமிக்கு விருப்பமான எள்ளுப்பாகை மறக்கவேண்டாம். படைத்து முடிந்ததும், உங்கள் இடுப்பில் இருக்கிற கோர்வையிலிருந்து அந்த ஆமைப்பூட்டின் திறப்பைக் கழற்றி, மாமியின் படத்துக்கு முன்னால் வையுங்கள். வைத்துவிட்டு, அம்மா, நான் இதைப் பூட்டி வச்சிருக்கிறன் என்று அவவிடம் உங்கள் வாயால் சொல்லுங்கள். முழுவதும் சொல்லுங்கள். பலகையைப் பற்றியும் சொல்லுங்கள். ருக்குமணி எந்தப் பக்கம் நின்றாள் என்றும் சொல்லுங்கள்.

மாமி என்ன சொல்கிறாவோ அதை எனக்கு எழுதுங்கள். கையால் எழுதுங்கள். நேதனை நான் புதன்கிழமைவரை பொறுக்கச் சொல்லியிருக்கிறேன்.

குளிசையை மறக்காமல் போடுங்கள். நீங்கள் சுகமாகத் திரும்பி வரவேண்டும், நான் அதைத்தான் அம்மனிடம் கேட்கிறேன். நீங்கள் வந்து தட்டும்போது வீட்டுக் கதவை உடனே திறப்பேன், சப்பாத்தோடேயே உள்ளே வாருங்கள்.

படலைக்கு இந்தப் பக்கமிருந்து,
ருக்குமணி.